நாவலில் பாய்லர், படத்தில் பனி: ஒரு திகில் கதை திரைக்குப் போகும்போது என்ன ஆகிறது?

நாவலைத் தழுவி எந்தப் படம் வந்தாலும் "புத்தகத்துல இருந்த மாதிரி இல்லையே" என்ற பேச்சு கூடவே வரும். பேய்க்கதைகளில் அந்தப் பேச்சு கொஞ்சம் சூடாகவே இருக்கும். துப்பறியும் கதையைத் தழுவுகிறவருக்கு முடிச்சும் அவிழ்ப்பும் சரியாக வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. திகிலில் அப்படி இல்லை. சம்பவங்கள் வரிசை பிசகாமல் வந்திருக்கும், ஆனால் பயமே வந்திருக்காது. சில படங்களில் சம்பவங்கள் பாதி காணாமல் போயிருக்கும், பார்க்கிறவருக்கோ முதுகுத்தண்டு சில்லிட்டிருக்கும்.

எனவே எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று கணக்குப் போடுவதால் மட்டும் திகில் தழுவல் பிடிபடாது. முதலில் கேட்க வேண்டியது, இந்த நாவலில் பயம் எங்கே குடியிருக்கிறது என்பது. அது இருந்த இடத்துக்குக் கேமராவால் போக முடியுமா என்பது அடுத்த கேள்வி. போக முடியாது என்றால் இயக்குநர் பயத்துக்கு வேறு வீடு பார்த்தாக வேண்டும். மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த வீடு மாற்றத்தால் வருபவைதான்.

இதைப் புரிந்துகொள்ள 'தி ஷைனிங்'கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஸ்டீபன் கிங்கின் நாவல் 1977இல் வந்தது, ஸ்டான்லி கூப்ரிக்கின் படம் 1980இல். நாவலையும் படத்தையும் தனித்தனியே தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாவலை எழுதியவருக்கு மட்டும் படம் பிடிக்கவில்லை. (இனி வருவதில் இரண்டின் முடிவும் உடைபடும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

இரண்டுக்கும் பொதுவான கதை இதுதான். ஜாக் டோரன்ஸ் வேலை இழந்த ஆசிரியர். எழுத்தாளராகும் ஆசை உண்டு, குடியை விட்டுக் கொஞ்ச காலமாகிறது. கொலராடோ மலைமேல் இருக்கும் ஓவர்லுக் ஹோட்டல் குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனைவி வெண்டியையும் ஐந்து வயது மகன் டேனியையும் கூட்டிக்கொண்டு வருகிறார். டேனிக்குப் பிறர் மனத்தில் ஓடுவதும், நடந்து முடிந்ததும், நடக்கப்போவதும் தெரியும். ஹோட்டல் சமையல்காரர் ஹாலரனுக்கும் அந்தச் சக்தி கொஞ்சம் உண்டு, 'ஷைனிங்' என்பது அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர். பனி விழுந்து பாதை அடைபட்டதும் ஹோட்டலில் இருக்கும் ஏதோ ஒன்று ஜாக்கைப் பிடித்து ஆட்டத் தொடங்குகிறது. கடைசியில் அவர் தன் குடும்பத்தையே கொல்லப் பார்க்கிறார்.

நாவல் தொடங்குவது ஒரு வேலை நேர்காணலில். எதிரே உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் மேலாளரை ஜாக் மனத்துக்குள் திட்டுவதுதான் முதல் வரி. முகத்தில் பணிவு, உள்ளே எரிச்சல். ஒரே வரியில் நாம் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறோம், அங்கிருந்து கிங் நம்மை லேசில் எழுந்திருக்க விடுவதில்லை. ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நடுவில் பிளந்து அடைப்புக்குறிக்குள் ஒரு நினைப்பு வந்து விழும், அது முடிந்ததும் வாக்கியம் விட்ட இடத்திலிருந்து தொடரும். தானாக வந்து தொல்லை செய்யும் நினைப்பைப் பக்கத்தில் அச்சடித்துக் காட்டும் வித்தை அது. இதனால் ஜாக் மகனின் கையை எப்படி முறித்தார் என்பது நமக்கு அவர் நினைவாகவே வந்து சேர்கிறது. எழுதி வைத்த தாள்களின்மேல் குழந்தை பீரைக் கொட்டிவிடுகிறது. கோபத்தில் அவனைப் பிடித்துத் திருப்புகிறார், எலும்பு முறிகிறது. அந்த வினாடியிலிருந்து தன்னைத் தானே மன்னிக்க முடியாமல் திரிகிறார். அவருடைய அப்பாவும் குடிகாரர், மனைவியை அடித்தவர். தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்ற பயம் ஹோட்டலுக்கு வரும் முன்பே அவருக்குள் இருக்கிறது.

நாவலின் பயம் குடியிருப்பது இங்கேதான். பேய்கள் பிறகு வருகின்றன. நமக்குப் பிடித்துப்போன, திருந்தப் பாடுபடுகிற ஓர் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்பதை அவர் தலைக்குள் இருந்தபடியே பார்க்கிறோம். குடித்த காலத்துப் பழக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார், தலைவலி மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்று தின்பார். அவர் இன்னும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கைக்குட்டை வெளியே வந்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

இப்போது கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா யார் மண்டைக்குள்ளும் போகாது, முகத்தைத்தான் காட்டும். பின்னணியில் ஜாக்கின் குரலை ஓடவிட்டு நினைப்புகளைச் சொல்ல வைத்திருக்கலாம். அது எளிய வழி, பெரும்பாலும் சப்பென்று போகிற வழியும்கூட. கூப்ரிக் அதைத் தொடவில்லை. திரைக்கதை ஒன்றைக் கிங்கே எழுதியிருந்தார், அதையும் பயன்படுத்தவில்லை. நாவலாசிரியர் டயான் ஜான்சனோடு உட்கார்ந்து புதிதாக எழுதினார்.

அதனால் படத்தில் அதே நேர்காணல் வேறு மாதிரி ஆகிறது. ஜாக்காக நடிக்கும் ஜாக் நிக்கல்சன் சிரிக்கிறார், பணிவாகப் பேசுகிறார். முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவன் தன் குடும்பத்தையே வெட்டிக் கொன்றான் என்று மேலாளர் சொல்லும்போதும் அந்தச் சிரிப்பு முழுதாக மறைவதில்லை. உள்ளே என்ன ஓடுகிறது? தெரியாது. படம் முடிகிற வரை தெரியாது. நாவல் தந்த நெருக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூப்ரிக் வைத்தது இந்தத் தெரியாமையைத்தான். ஒரே வீட்டில் இருக்கும் ஆளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பதே படத்தின் பயம்.

கிங்கின் முக்கியமான புகாரும் இதைப் பற்றியதுதான். நிக்கல்சனைப் பார்த்த உடனேயே இந்த ஆள் கிறுக்கன் என்று தெரிந்துவிடுகிறது, அப்புறம் அவர் கிறுக்காவதில் என்ன சோகம் இருக்கிறது என்று அவர் கேட்டார். இன்ஜின் இல்லாத அழகான பெரிய காடிலாக் கார் என்று படத்தைப் பற்றிச் சொன்னவரும் அவரே. கோபத்துக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் அவரே குடிப்பழக்கத்தில் இருந்தவர். ஜாக் டோரன்ஸ் என்ற பெயரில் தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தனக்கு உறைக்கவில்லை என்று பின்னால் எழுதினார். தன் உள்மனத்தை எடுத்து வைத்த பாத்திரத்துக்கு உள்மனமே இல்லாமல் செய்துவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் புகார் நியாயமானது என்றே நினைக்கிறேன். படம் நல்ல படம் என்பதும் அதனால் மாறிவிடவில்லை.

உள்மனத்தைக் காட்ட முடியாத படம் அதற்குப் பதில் என்ன செய்யும் என்பதற்குப் படத்திலேயே பாடம்போல ஒரு காட்சி இருக்கிறது. ஜாக் பல வாரங்களாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் வெண்டி மேசையருகே போய்த் தாளைப் பார்க்கிறாள். 'ஆல் வொர்க் அண்ட் நோ ப்ளே மேக்ஸ் ஜாக் எ டல் பாய்' (விளையாட்டே இல்லாமல் வேலை மட்டும் பார்த்தால் ஜாக் மந்தமாகிவிடுவான்) என்ற பழமொழி மட்டும் அந்தப் பக்கம் முழுக்க. அடுத்த தாளிலும் அதுவே. அடுக்கைப் புரட்டுகிறாள், எல்லாத் தாளிலும் அதே வரிதான். சில பக்கங்களில் கவிதைபோல, சிலவற்றில் நாடக வசனம்போல அமைப்பு மட்டும் மாறியிருக்கிறது. நாவலில் இந்தக் காட்சி கிடையாது. அங்கே ஜாக் உண்மையிலேயே ஒரு நாடகம் எழுதுகிறார், ஹோட்டலின் அடித்தளத்தில் கிடைக்கும் பழைய செய்தித் துணுக்குகளின் தொகுப்பு அவரை அதிலிருந்து இழுத்துவிடுகிறது. ஒரு மனம் சிதைவதைக் கிங் பல அத்தியாயங்களில் சொல்கிறார், படம் அதை ஓர் அடுக்குத் தாளாக்கி வெண்டியின் கையில் கொடுக்கிறது. மனத்தைக் காட்ட முடியாவிட்டால் அந்த மனம் விட்டுச்சென்ற பொருளைக் காட்டு. திரைக்கதை எழுதுகிறவர்கள் அன்றாடம் செய்யும் வேலைதான் இது. இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம்.

குளியலறைக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாவலில் அறை எண் 217. டேனி அங்கே எதையோ பார்த்துவிட்டான் என்பதால் ஜாக் சோதிக்கப் போகிறார். தொட்டியின் திரையை விலக்குகிறார், உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே வரும்போது பின்னால் திரை வளையங்கள் உரசும் சத்தம். திரும்பினால், அவர் விலக்கிவிட்டு வந்த திரை மூடியிருக்கிறது. உள்ளே ஏதோ நிழலாடுகிறது. அவர் திரையை மறுபடி விலக்கவில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார், கதவின் குமிழ் உள்ளிருந்து திருகப்படுகிறது. வெண்டியிடம் போய் "அங்கே ஒன்றும் இல்லை" என்கிறார். படிக்கிற நமக்கு அவர் பார்த்தது தெரியும், பார்த்ததைத் தனக்குத் தானே மறுப்பதும் தெரியும். பேயைவிட அந்தப் பொய்தான் பயமுறுத்துகிறது.

படத்தில் அறை எண் 237. தொட்டித் திரையை உள்ளிருந்து ஒரு கை விலக்குகிறது. அழகான இளம்பெண் ஒருத்தி எழுந்து வருகிறாள். ஜாக் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார், பிறகு கண்ணாடியைப் பார்த்தால் கையில் இருப்பது அழுகிய கிழவி. அவள் சிரித்துக்கொண்டே பின்தொடர, அவர் பின்வாங்கி ஓடுகிறார். பிறகு வெண்டியிடம் அதே பொய். கிங் மறைத்ததைக் கூப்ரிக் முழு வெளிச்சத்தில் காட்டுகிறார். எழுத்தில் பாதி மூடிய திரை போதும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். படத்தில் அதையே நீண்ட நேரம் செய்தால் ஏமாற்று வேலையாகத் தோன்றிவிடும். ஆனாலும் இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது நாவல்தான்.

எண் மாறியதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. படத்தில் ஹோட்டலின் வெளித்தோற்றமாகக் காட்டியது ஒரிகான் மாநிலத்தின் டிம்பர்லைன் லாட்ஜ். அங்கே 217 என்ற அறை உண்டு. படம் வந்தபின் அதில் யாரும் தங்கமாட்டார்களோ என்று நிர்வாகம் தயங்கியதால், அங்கே இல்லாத எண்ணாகப் பார்த்து வைத்தார்கள். உட்புறங்கள் எல்லாம் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் போட்ட செட். 217க்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1974இல் கொலராடோவின் ஸ்டான்லி ஹோட்டலில், பருவம் முடிந்து அது மூடப்போகும் நேரத்தில், கிங்கும் அவர் மனைவியும் தங்கிய அறை அது. அன்றிரவு, தன் மூன்று வயது மகனை ஒரு தீயணைப்புக் குழாய் துரத்துவதுபோல அவருக்குக் கனவு வந்தது. நாவல் பிறந்தது அந்தக் கனவில்தான்.

அந்தக் குழாய் நாவலிலும் இருக்கிறது. சுவரில் சுருட்டி மாட்டியிருக்கும் குழாயைத் தாண்டிப் போக டேனி அஞ்சுகிறான். அதன் பித்தளை முனை தொப்பென்று கீழே விழுகிறது. அவ்வளவுதான். அது பாம்பாகிவிடும் என்று குழந்தைக்குத் தோன்றுகிறது, குழந்தையின் மனத்தில் இருப்பதால் நமக்கும் தோன்றுகிறது. இதைப் படமாக எடுத்தால் என்ன தெரியும்? ஒரு குழாய். அதனால் படத்தில் அது இல்லை, ஆனால் நடைபாதைப் பயம் இருக்கிறது. டேனி மூன்று சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டு போக, தரையை ஒட்டி ஸ்டெடிகேம் (குலுங்காமல் நகர்ந்து படம்பிடிக்கும் கேமரா) பின்னாலேயே போகிறது. மரத்தரையில் சக்கரங்கள் கடகடவென்று உருளும். கம்பளம் வந்தால் சத்தம் அப்படியே அடங்கும். மறுபடி மரத்தரை, மறுபடி கடகட. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பக்கம் என்ன இருக்குமோ என்று நாமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அப்படி ஒரு திருப்பத்தில்தான் அந்த இரண்டு சிறுமிகள் நிற்கிறார்கள். நாவலில் அவர்கள் எட்டும் ஆறும் வயதான அக்கா தங்கை, இறந்துபோன செய்தியாகத்தான் வருகிறார்கள். படத்தில் இரட்டையர்போல ஒரே உடையில் நிற்க வைத்தார் கூப்ரிக். போஸ்டரிலும் மீமிலும் இன்று உலகமே அறிந்த முகங்கள் அவை.

தோட்டத்து மிருகங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். நாவலில் சிங்கம், நாய், முயல் என்று செடிகளை வெட்டி உருவாக்கிய உருவங்கள் இருக்கின்றன. நாம் பார்க்காதபோது அவை நகரும். ஜாக் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஓரடி பக்கத்தில் வந்திருக்கும். 1980இன் தொழில்நுட்பத்தில் இதை எடுத்தால் சிரிப்பு வந்திருக்கும். மிருகங்களை எடுத்துவிட்டுப் பெரிய புதர்ப்புதிர் ஒன்றை, அதாவது புதர்ச் சுவர்களுக்கு நடுவே வழி தெரியாமல் சுற்றவைக்கும் பாதையை, வைத்தார்கள். முடிவையே தூக்கி நிறுத்திய மாற்றம் அது.

அந்த முடிவுக்கு வருவோம். நாவலில் ஹோட்டலின் அடித்தளத்தில் ஒரு பழைய பாய்லர் இருக்கிறது. அதில் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், தினமும் போய் வால்வைத் திறந்துவிட வேண்டும், மறந்தால் மலையுச்சியோடு எல்லாம் போய்விடும். ஜாக்குக்குள் ஏறும் கோபம்தான் அந்தப் பாய்லர் என்பது எந்த வாசகருக்கும் புரியும். கடைசியில் கையில் மரச்சுத்தியலோடு மகனை மடக்குகிறார் ஜாக். "நீ என் அப்பா இல்லை" என்கிறான் டேனி. ஒரு கணம் உண்மையான அப்பா மேலே வருகிறார். ஓடிவிடு, உன்மேல் நான் வைத்த அன்பை மறந்துவிடாதே என்று சொல்கிறார். அடுத்த கணம் ஹோட்டல் அவரை மறுபடி விழுங்கிவிடுகிறது. பாய்லரை எல்லோரும் மறந்துபோனது அப்போதுதான் டேனிக்கு நினைவு வருகிறது. ஹோட்டலும் ஜாக்கும் வெடித்து எரிந்துபோகிறார்கள். ஹாலரன், வெண்டி, டேனி மூவரும் பிழைக்கிறார்கள்.

படத்தில் பாய்லர் வெடிக்காது. ஜாக்கின் உள்ளே ஏறும் அழுத்தத்தை நாம் பார்க்கவே இல்லை என்கிறபோது, அதைச் சுட்டும் பொருள் வெடித்து யாருக்கு என்ன? அன்பு வெளிப்படும் அந்த ஒரு கணத்துக்கும் இடமில்லை. அந்த அன்பை முன்னால் கட்டி எழுப்பியிருந்தால்தானே கடைசியில் எடுத்துக் காட்ட முடியும்? மண்டைக்குள் போவதில்லை என்று ஓர் இடத்தில் எடுத்த முடிவு இங்கே வந்து பாய்லர், தந்தையின் அன்பு, தீ என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. பதிலுக்கு வந்தவை கோடரி, பனி, புதர்ப்புதிர். டேனி தன் காலடித் தடத்திலேயே பின்னோக்கி நடந்து, ஒதுங்கி ஒளிந்து, அப்பாவை ஏமாற்றுகிறான். பேய் வேண்டாம், தந்திரக் காட்சி வேண்டாம், பனியில் பதிந்த கால்தடம் போதும். ஜாக் வழி தெரியாமல் உறைந்து செத்துப்போகிறார், ஹோட்டல் அப்படியே நிற்கிறது. புத்தகம் சூடு, படம் குளிர், ஒன்று தீயில் முடிகிறது, மற்றது பனிக்கட்டியில் என்று கிங்கே சொல்லியிருக்கிறார். புகாராகச் சொன்னார். எனக்கென்னவோ நல்ல விமர்சனமாகவே படுகிறது.

ஹாலரன் விஷயத்தில் மட்டும் எனக்குப் படத்தோடு உடன்பாடில்லை. டேனி மனத்தால் கூப்பிட, புளோரிடாவிலிருந்து விமானம் பிடித்து, பனியில் வண்டி ஓட்டி அவர் வந்து சேர்வதைப் படம் விரிவாகக் காட்டுகிறது. உள்ளே நுழைந்ததும் ஒரே வெட்டு, முடிந்தது. ஜாக் ஒருவரையாவது நிஜமாகக் கொல்ல வேண்டிய தேவை படத்துக்கு இருந்திருக்கும். பார்வையாளரை அதிரவைக்கும் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் வெண்டியும் டேனியும் தப்பிக்க ஒரு வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தவராக மட்டும் அவரை ஆக்கிவிட்டார்கள்.

கேமராவுக்கு உள்ளே போக முடியாது என்பதுபோல, எழுத்தில் சுலபமாக இருக்கும் ஒன்று திரையில் பெருந்தொல்லை ஆவதும் உண்டு. ராபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' (1959) நார்மன் பேட்ஸும் அவன் அம்மாவும் வாக்குவாதம் செய்வதில் தொடங்குகிறது. அம்மா உயிரோடு இல்லை, அவளாகப் பேசுவதும் நார்மனே என்பதுதான் கதையின் ரகசியம். அச்சில் வசனம் மட்டும்தான், அம்மா இருக்கிறாளா என்று சரிபார்க்க வாசகருக்கு வழியில்லை. ஹிட்ச்காக் 1960இல் அதைப் படமாக்கும்போது அந்தக் காட்சியோடு தொடங்க முடியாது, அம்மாவைக் காட்டியாக வேண்டும். எனவே படம் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணோடு தொடங்கி, அவள்தான் கதாநாயகி என்று நம்ப வைக்கிறது. நார்மன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கேமரா கூரைக்குப் போய்விடுகிறது, முகம் தெரியாது. நாவலில் நாற்பது வயது குண்டு மனிதனான நார்மன், படத்தில் கூச்ச சுபாவமுள்ள இளைஞன் ஆகிறான்.

மாற்றாமல் அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டார்கள். 1997இல் கிங்கே திரைக்கதை எழுதி, மிக் கேரிஸ் இயக்கத்தில், அதே ஸ்டான்லி ஹோட்டலில் படம்பிடித்து 'தி ஷைனிங்' மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடராக வந்தது. பாய்லர் இருந்தது, மரச்சுத்தியல் இருந்தது, செடி மிருகங்கள் கணினி வரைகலையில் நடந்தன. ஜாக்கின் போராட்டத்துக்குப் போதுமான நேரமும் கிடைத்தது. குடும்பக் கதையாக அது மோசமில்லை. அந்த மிருகங்கள் வந்தபோதுதான் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டையும் சேர்த்து வைக்கும் முயற்சியும் நடந்தது. வளர்ந்துவிட்ட டேனியைப் பற்றிக் கிங் 2013இல் 'டாக்டர் ஸ்லீப்' எழுதினார். அவர் கணக்கில் ஓவர்லுக் எரிந்து சாம்பலாகிவிட்டது, கூப்ரிக்கின் கணக்கிலோ அது நிற்கிறது. 2019இல் மைக் ஃபிளானகன் அதைப் படமாக்கியபோது கூப்ரிக்கின் ஹோட்டலை நிற்கவிட்டார், முதல் நாவலில் ஜாக்குக்குக் கிங் எழுதியிருந்த பாய்லர் முடிவை எடுத்து மகனுக்குக் கொடுத்தார். கிங்குக்கு அந்தப் படம் பிடித்திருந்தது.

முதல்முறை இதற்குள் போகிறவர்களுக்கு என் யோசனை, நாவலை முதலில் படியுங்கள் என்பது. படத்தை முதலில் பார்த்துவிட்டால் நாவலின் ஜாக்குக்கு நிக்கல்சன் முகம் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் அந்த ஆள்மேல் இரக்கம் வருவது கஷ்டம். படத்தில் இரண்டு வடிவங்கள் சுற்றுகின்றன. 144 நிமிட அமெரிக்க வடிவத்தையே தேடிப் பாருங்கள். 119 நிமிட ஐரோப்பிய வடிவத்தில், ஜாக்கால் மகனின் தோள்மூட்டு கழன்ற கதையை (நாவலில் கை முறிந்தது படத்தில் இப்படி ஆகியிருக்கிறது) வெண்டி டாக்டரிடம் சிகரெட் புகைத்தபடி, ஒன்றுமே இல்லாததுபோல் சிரித்து மழுப்பிச் சொல்லும் காட்சி கிடையாது. நாவலில் ஜாக்கின் நினைவாக வருவது அமெரிக்க வடிவத்தின் அந்தக் காட்சியில் அவர் மனைவியின் சமாளிப்பாக வருகிறது. இரண்டையும் ஒப்பிட அதைவிட நல்ல இடம் படத்தில் இல்லை.